ஆதாரம் ரத்தத்தில் இருக்கிறது

நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர்களில் மீண்டும் மீண்டும் எழுப்பப்படும் கேள்வி ஒன்று உண்டு. காற்று மாசால் எத்தனை பேர் நோயுற்றார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே அது. அதற்கு மாறாமல் கிடைக்கும் பதிலும் ஒன்று உண்டு: அதை உறுதியாக நிறுவும் தரவு இல்லை!

மாசுக்கும் ஆயுள் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாக இந்திய ஆய்வு எதுவும் காட்டவில்லை என்று 2019 டிசம்பரில் மக்களவையில் தெரிவித்தார் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர். ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பரில், அத்துறையின் இணையமைச்சர் கீர்த்தி வர்தன் சிங் மாநிலங்களவைக்கு அளித்த எழுத்துபூர்வ பதிலும் ஏறத்தாழ அதையே சொன்னது. காற்றுத் தரக் குறியீட்டின் உயர்வுக்கும் நுரையீரல் நோய்களுக்கும் நேரடித் தொடர்பை நிறுவும் முடிவான தரவு இல்லை. ஆனால், சுவாச நோய்களைத் தூண்டும் காரணிகளில் காற்று மாசும் ஒன்று என்றது அந்தப் பதில்.

அதே மாதம், அதே அவையில், சுகாதாரத் துறை தந்த கணக்கு வேறு கதையைச் சொல்கிறது. தில்லியில் உள்ள 6 அரசு மருத்துவமனைகளில் மட்டும் 2022 முதல் 2024 வரையிலான மூன்று ஆண்டுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடும் சுவாசக் கோளாறுடன் அவசர சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் 30,000-க்கும் மேற்பட்டோர் உள்நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஓர் அமைச்சகம் நோயாளிகளை எண்ணுகிறது. மற்றோர் அமைச்சகம் காரணம் தெரியவில்லை என்கிறது.

உண்மையில், கோளாறு பதிலில் மட்டும் இல்லை. கேள்வியைப் புரிந்துகொள்ளும் விதத்திலேயே இருக்கிறது. காற்றுத் தரக் குறியீடு என்பது அன்றன்றைக்கு ஏறி இறங்கும் எண். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ, பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் உடலுக்குள் மெல்ல மெல்ல வளர்வது. ஒரு நாளின் குறியீட்டை ஒரு நோயாளியின் மூச்சுத் திணறலோடு நேராக முடிச்சுப்போட முடியாது என்பது சரிதான். ஆனால், இவ்விரண்டுக்கும் இடையே உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை மருத்துவம் அறியாமல் இல்லை. அந்தக் கணக்கு ரத்தத்தில் எழுதப்படுகிறது.

நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை சென்று படியும்போது, அவற்றை விழுங்க முனையும் காவல் செல்கள் இன்டர்லூகின்-6 போன்ற வேதித் தூதுகளை வெளியிடுகின்றன. அந்தத் தூது ரத்தத்தின் வழியே கல்லீரலை எட்டியதும், அங்கே சி-ரியாக்டிவ் புரதமும் ஃபைப்ரினோஜெனும் கூடுதலாக உற்பத்தியாகின்றன. அழற்சி என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். 1930-ஆம் ஆண்டில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சி-ரியாக்டிவ் புரதம், கரோனா காலத்தில் 'சி.ஆர்.பி.' என்ற பெயரில் வீடுதோறும் அறிமுகமானது. தீவிரத் தொற்றில் 100 மில்லிகிராமைத் தாண்டிப் பாயும் இந்த அளவு, நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் பலரிடம் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குச் சற்று மேலே ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருக்கிறது. அணையாத தணல் போன்றது இது.

இதன் பொருள் என்ன என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-இல் விளக்கினார்கள். கோபன்ஹேகன் பகுதியில் நுரையீரல் அடைப்பு நோய் உள்ள 6,574 பேரை ஆராய்ந்ததில், சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜென், வெள்ளணுக்கள் ஆகிய மூன்றும் உயர்ந்திருந்தவர்களுக்கு, நோய் அடிக்கடி தீவிரமடையும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. ஃபைப்ரினோஜென் அளவை இந்த நோய்க்கான மருந்து ஆய்வுகளில் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே ஏற்றுக்கொண்டுள்ளது.

அவை அயல்நாட்டு ஆய்வுகள், இந்தியச் சான்று எங்கே என்று கேட்கலாம். அதுவும் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் கிராமங்களில் விறகும் வறட்டியும் எரித்துச் சமைக்கும் பெண்களையும், சமையல் எரிவாயு பயன்படுத்தும் பெண்களையும் ஒப்பிட்டு, கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. அடுப்புப் புகையில் நின்ற பெண்களின் ரத்தத்தில் இன்டர்லூகின்-6, சி.ஆர்.பி. உள்ளிட்ட அழற்சி அடையாளங்கள் உயர்ந்திருந்தன. புகைக்கும் ரத்தத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பங்கேற்று, 2018-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வும் அமைச்சகங்களுக்குத் தெரியாததல்ல. 1990-இல் 2.81 கோடியாக இருந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளின் எண்ணிக்கை, 2016-இல் 5.53 கோடியாக உயர்ந்தது என்கிறது அது. இந்த நோயின் சுமையில் பாதிக்கும் மேல், அதாவது 53.7 சதவீதம், வீட்டுக்கு உள்ளும் வெளியிலுமான காற்று மாசால் விளைவது. புகையிலையின் பங்கு 25.4 சதவீதம். பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்கள் நுரையீரல் நோயாளியாவது எப்படி என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையின் பயன் வாதத்துக்கு ஆதாரம் தருவதோடு முடிந்துவிடுவதில்லை. நோய் முற்றித் திணறும் நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் தருவதா, வேண்டாமா என்பதை விரல் நுனி ரத்தத்தில் சி.ஆர்.பி. பார்த்து முடிவு செய்யும் முறையை பிரிட்டன் மருத்துவர்கள் சோதித்தனர். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் 653 பேர் பங்கேற்றனர். ஆன்டிபயாடிக் பயன்பாடு 77.4 சதவீதத்திலிருந்து 57 சதவீதமாகக் குறைந்தது. நோயாளிகளுக்குப் பாதிப்பு ஏதும் நேரவில்லை. சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனையில் தெரியும் இயோசினோஃபில் எண்ணிக்கையே, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு யாருக்குப் பயன் தரும் என்பதை மருத்துவருக்குச் சொல்லிவிடுகிறது. மருந்துக் கடைகளில் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் தாராளமாகக் கிடைக்கும் ஒரு நாட்டில் இவை சிறிய செய்திகள் அல்ல.

அதேநேரத்தில், இதை மந்திரக்கோலாக ஆக்கிவிடவும் கூடாது. காசநோய், மூட்டுவாதம், உடல் பருமன், சாதாரணத் தொற்று என எதிலும் சி.ஆர்.பி. உயரும். ஊதிக் காட்டும் ஸ்பைரோமீட்டர் சோதனைக்கு ரத்தப் பரிசோதனை மாற்றாகாது. அழற்சியைத் தணிப்பதாகக் கருதப்பட்ட ஸ்டேட்டின் மருந்து இந்நோய் தீவிரமடைவதைத் தடுக்கவில்லை என்பது 2014-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் உறுதியானது. அறிகுறியை அடக்குவது நோயைக் குணப்படுத்துவது ஆகாது. தனியார் பரிசோதனைக் கூடங்கள் 'நுரையீரல் நலத் தொகுப்பு' என்று விற்றுப் பணம் பார்க்க இது இன்னொரு வழியாகிவிடக் கூடாது.

அரசு செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் நாள்பட்ட நுரையீரல் நோயும் இடம்பெற்றுள்ளது. ஆனால், ரத்த அழுத்தம், நீரிழிவு, மூன்று வகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றுக்கு மக்களிடையே நடத்தப்படும் பரிசோதனைக்கு இணையாக நுரையீரல் சோதனை வளரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஸ்பைரோமீட்டரும், அதை இயக்கப் பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டும். தில்லி, கான்பூர், தன்பாத் போன்ற நகரங்களிலும், விறகடுப்பு அணையாத கிராமங்களிலும் சில ஆயிரம் பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, அவர்களின் மூச்சுத் திறனையும் ரத்த அடையாளங்களையும் காற்றின் அளவோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். 'முடிவான தரவு' என்பது தானாக வானத்திலிருந்து விழுவதில்லை, திரட்டினால்தான் கிடைக்கும்.

தரவு வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான வீடுகளுக்கு எரிவாயு இணைப்பைக் கொண்டு சேர்த்தது பாராட்டத்தக்கது. ஆனால், அத்திட்டப் பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்களையே மீண்டும் வாங்கினார்கள் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. சிலிண்டர் மூலையில் இருக்க, அடுப்பில் விறகு எரிந்தால், அந்தப் பெண்ணின் ரத்தத்தில் எந்த மாற்றமும் வரப்போவதில்லை.

தொடர்பை நிறுவும் தரவு இல்லை என்ற பதிலை ஏற்றுக்கொண்டு உறுப்பினர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவதுதான் இதுவரை நடந்துவருகிறது. அடுத்தமுறை அந்தப் பதில் வாசிக்கப்படும்போது, ஒரே ஒரு துணைக் கேள்வியை எழுப்பினால் போதும்: அந்தத் தரவைத் திரட்ட இந்த அரசு இதுவரை என்ன செய்திருக்கிறது?