ஆத்துல போட்டாலும் அளந்து போடு – இன்டர்நெட்டையும் தான்!

போடி, கம்பம் பக்கம் ஏலக்காய் எப்படி விலை போகிறது என்று தேனி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 7 மி.மீ., 8 மி.மீ. என்று சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினால் விலையும் கூடும். தேனி சந்தையில் அரை கிலோ தக்காளி வாங்கும் பாட்டி கூட தராசைப் பார்த்துவிட்டுத்தான் காசை நீட்டுவார். ஆனால் அதே பாட்டியின் பேரன், அல்லிநகரத்தில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மாதாமாதம் காசு கட்டி வாங்கும் ஒரு சரக்கை மட்டும் அளந்தே பார்ப்பதில்லை. அதுதான் இன்டர்நெட்.

"நெட் ரொம்ப ஸ்லோப்பா" என்று புலம்புவதோடு சரி. எவ்வளவு ஸ்லோ? கம்பியிலா, வைஃபையிலா? பதில் வராது. அடுத்த மாதம் அப்பாவிடம் சொல்லிப் பெரிய பிளானுக்கு மாறுவார்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில்லும் ஏறும். வேகம் மட்டும் அப்படியே இருக்கும்!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எம்.பி.பி.எஸ். என்றால் டாக்டர் படிப்பு மட்டும் இல்லை :-)

விளம்பரத்தில் வருவது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. படம் இறங்கும்போது பிரவுசர் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 100 மெகாபிட் பிளான் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட் தான். "100-க்குக் காசு வாங்கிட்டு 12 தர்றான்" என்று சண்டைக்குப் போகும் முன் 8-ஆல் வகுத்துப் பார்ப்பது நல்லது.

இந்த விஷயத்தில் பழைய கதையும் உண்டு. 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டபோது, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட். அதாவது வெறும் 32 கிலோபைட்! 2023-ல் அந்த அளவுகோல் 2 மெகாபிட் ஆனது.

லேப்டாப் காட்டுவது எந்த வேகம்?

விண்டோஸில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதியில் ஈதர்நெட் அல்லது வைஃபையின் விவரங்களைத் திறந்தால் 'லிங்க் ஸ்பீடு' என்று ஓர் எண் இருக்கும். கம்பியில் 100 அல்லது 1000 என்று காட்டும். வைஃபையில் 72, 150, 433 என்று ஏதாவது ஒன்று வரும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அது லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவில் உள்ள பாதையின் அகலம். வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் வேகம் வேறு. வீட்டுக் குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தெருக்குழாயில் வருகிற தண்ணீர்தானே வரும்? வெளியிலிருந்து வருவதை அறிய ஸ்பீடுடெஸ்ட், ஃபாஸ்ட்.காம் மாதிரி தளங்கள் இருக்கின்றன. இரண்டு எண்ணையும் பார்த்தால்தான் கணக்கு முழுசாகும்.

வைஃபையில் இன்னொரு சூட்சுமம். 72 என்று காட்டினாலும் கைக்கு வருவது ஏறக்குறைய பாதிதான். ஒரே காற்றில் எல்லோரும் முறை வைத்துப் பேச வேண்டும், பேசியது போய்ச் சேர்ந்ததா என்றும் உறுதி செய்ய வேண்டும். அதில் நேரம் போய்விடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் பத்து ரூட்டர் இருந்தால் சந்தை இரைச்சல்தான். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும்.

இரண்டு முறை அளக்க வேண்டும்

முதலில் ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராகக் கேபிள் போட்டு, மற்ற போன்களை எல்லாம் அணைத்துவிட்டு ஒரு சோதனை. பிறகு கேபிளைக் கழற்றி, வழக்கமாகப் படிக்கும் இடத்தில் வைஃபையில் ஒரு சோதனை. முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. கம்பியில் பிளானுக்குப் பக்கத்தில் வருகிறது, வைஃபையில் வரவில்லை. குறை வீட்டுக்குள். ரூட்டரை நடுக்கூடத்துக்கு மாற்றினாலே பாதி சரியாகும்.

2. 200 மெகாபிட் பிளானில் கம்பியில் 94, 95-லேயே நிற்கிறது. ரூட்டரிலோ லேப்டாப்பிலோ உள்ள போர்ட் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காதது. அல்லது கேபிளில் கோளாறு. கிகாபிட் வேகத்துக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் வேலை செய்ய வேண்டும், 100-க்கு நான்கு போதும். ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடலாம்.

3. கம்பியிலும் பாதிதான் வருகிறது, காலை, மாலை, இரவு எப்போது பார்த்தாலும் அப்படித்தான். இப்போதுதான் கம்பெனிக்குப் போன் போட வேண்டும்.

கம்பி அளவு ஏன் முக்கியம்?

புகார் செய்தால் முதலில் வரும் பதில், "உங்க வைஃபை பிரச்சனை சார்." பல நேரம் அது உண்மையும் கூட! கையில் கம்பி அளவு இருந்தால் அந்தப் பதில் செல்லாது. 2006-ல் டிராய் கொண்டுவந்த தர விதிகள் பிளான் வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வர வேண்டும் என்றன. அதிலும் கம்பெனியின் முனையிலிருந்து வாடிக்கையாளர் வரைக்கும் தான் கணக்கு. படுக்கையறை மூலையில் கிடைக்கும் வைஃபை அதில் சேராது. அந்த விதிகளுக்குப் பதிலாக 2024-ல் புதியவை வந்துவிட்டன. ஆனாலும் எங்கே அளப்பது என்பதுதான் வழக்கின் உயிர்.

டிராய் தனிநபர் புகாரைத் தீர்த்து வைப்பதில்லை. கம்பெனியின் புகார் மையம், பிறகு அதன் மேல்முறையீட்டு அமைப்பு என்று போக வேண்டும். தொலைத்தொடர்பு கம்பெனி மீது நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கே போனாலும் தேதி போட்ட ஆதாரம் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதற்கு என்ன செலவு?

"இப்ப யாரு கேபிள் போடுறா? புது லேப்டாப்பில் அந்த ஓட்டையே இல்லையே" என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். தினமும் கேபிளில் உட்காரச் சொல்லவில்லை. யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்று தெருவுக்கு ஒருவரிடம் இருந்தால் போதும், மாற்றி மாற்றி அளந்துகொள்ளலாம்.

ஆனால் இந்த வேலை முழுவதையும் வாங்குகிறவன் தலையில் கட்டுவது சரியில்லை. கடைக்காரர் தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இன்டர்நெட்டுக்கு மட்டும் "100 வரை" என்ற ஒரு வார்த்தையில் தப்பித்துவிடுகிறார்கள். "ஒரு கிலோ வரை அரிசி" என்று எந்தக் கடையிலாவது விற்க முடியுமா? இணைப்பு கொடுக்க வரும் ஊழியர், கேபிளில் ஒருமுறை, வைஃபையில் ஒருமுறை வாடிக்கையாளர் கண்முன்னே அளந்து, இரண்டு எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இதைக் கட்டாயமாக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பாதிச் சண்டை அன்றைக்கே முடிந்துவிடும்.

அது வரும்வரை ஆத்துல போட்டாலும் அளந்துதான் போட வேண்டும். காசு கொடுத்து வாங்குவதை அளக்காமல் விடலாமா?