எத்தனும் காவலனும்: ஸ்பைடரின் வரலாறும் பட்டியலாளரின் கடமையும்

தமிழ்ப் படக்கதை இதழ்களைத் திரட்டி, பகுத்து, பாதுகாக்கும் நூலகர்களுக்கும் ஆவணக் காப்பாளர்களுக்கும் ஸ்பைடர் என்னும் பாத்திரத்தைவிடப் பொருத்தமான பாடம் அமைவது அரிது. உலகப் படக்கதை வரலாற்றில் சிறிய இடமே பெற்ற இந்த அதிவல்லமை வில்லன், அதாவது மனித ஆற்றலை மீறிய கருவிகளோ சக்தியோ கொண்டு குற்றம் புரியும் கதைமாந்தன், தன் தாயகமான பிரிட்டனில் பெரும்பாலும் மறக்கப்பட்ட பின்னர் தமிழில் நாயகனாகக் கொண்டாடப்பட்டான். அவனுடைய மாற்றங்களைத் தமிழ் இதழ்களின் வழியே படிப்படியாகக் காட்ட நம் பட்டியல்கள் இன்று உதவுவதில்லை என்பதே இவ்வுரையின் கவலை.

1965 ஜூன் 26 நாளிட்ட பிரிட்டனின் 'லயன்' வார இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைய, ஸ்பைடர் தொடர் தொடங்கியது. கூர்ந்த காதுகளும் நெற்றியில் முனையாக இறங்கும் கருங்கேசமும் கரிய உடையும் கொண்ட அவன், பூட்டுடைப்பதில் வல்லவனான ராய் ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் சேர்த்துக்கொண்டு, வலைத்துப்பாக்கியும் வாயுத்துப்பாக்கியும் ஏந்தி, குற்றவாளிகளின் மன்னனாக முடிசூடிக்கொள்வதையே குறிக்கோளாகக் கொண்டிருந்தான். நியூயார்க் துப்பறிவாளர்களான கில்மோரும் டிராஸ்க்கும் அவனைத் துரத்தினார்கள் என்றாலும், கதையின் மையத்தில் நின்றவன் கொள்ளையனே. தண்டனை பெறாத தீயவனைச் சிறுவர் இதழின் தலைமைப் பாத்திரமாக்கியது அக்காலத்தில் துணிச்சலான முயற்சி.

சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான அமெரிக்க எழுத்தாளர் ஜெர்ரி சீகல் தொடரை ஏற்ற பின்னர் அதன் போக்கு திசைமாறியது. ஸ்பைடரின் எதிரிகள் காவலர்களாக இல்லாமல் அவனைவிடக் கொடிய வில்லன்களாக மாற, தன் மகுடத்துக்குப் போட்டியாக வந்தவர்களை வீழ்த்தும் கொள்ளையனாக அவன் நின்றான். அதற்கடுத்த கட்டத்தில் குற்றத்தை எதிர்க்கும் காவலனாகவே ஆனான். இம்மாற்றத்தை மனந்திருந்தலாகக் கொள்வது மேலோட்டமான வாசிப்பு. தன்னை மிஞ்ச எவரும் இருக்கக் கூடாது என்ற அகந்தை மூன்று கட்டங்களிலும் குறையாமல் நீடிக்கிறது. கொள்ளையடிக்கும்போதும் உலகைக் காக்கும்போதும் அவன் தற்பெருமை பேசும் குரல் ஒன்றே. குணம் மாறாமல் அணி மட்டும் மாறிய இந்த வளர்ச்சி, எழுத்தாளர் மாற்றமும் அறுபதுகளில் அதிவல்லமை நாயகர்களுக்குப் பெருகிய வரவேற்பும் சேர்ந்து உண்டாக்கியது என்பதைக் கதைகளை வெளிவந்த வரிசையில் படிப்பவரே உணர முடியும். 1969இல் தொடர் நின்றது.

தமிழில் அவன் இரண்டாம் பிறப்பு 1984இல் நிகழ்ந்தது. 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் முத்து காமிக்ஸ் தொடங்கிய சிவகாசியிலிருந்தே, எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு 1984இல் புறப்பட்ட லயன் காமிக்ஸ், 'எத்தனுக்கு எத்தன்' முதலான ஸ்பைடர் கதைகளை வெளியிட்டது. பெயர் ஒன்றானாலும் இது பிரிட்டிஷ் இதழின் பதிப்பன்று. வாரந்தோறும் இரண்டிரண்டு பக்கமாக வந்த தொடரைத் தமிழ் வாசகர் ஒரே புத்தகத்தில் முழுக்கதையாகப் பெற்றதால், வாரங்களுக்கு இடையே எதிர்பார்ப்பை வளர்க்க அமைத்த திருப்பங்கள் ஒரே அமர்வில் அடுத்தடுத்து வந்து கதையை அசுர வேகமுடையதாக்கின. 'யார் அந்த மினி ஸ்பைடர்', 'நீதிக்காவலன் ஸ்பைடர்' போன்ற இதழ்களின் வழியே அவனைக் காவலனாக அறிந்த தலைமுறை, அவனது திருட்டுத் தொழிலைப் பிறகு படித்தால் முன்கதையாகவும் முன்பே படித்தால் மறக்கத்தக்க தொடக்கமாகவும் எடுத்துக்கொண்டது.

எந்தக் கதை எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என அறிய முடியாத சிக்கல், சென்னைப் புறநகரான தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் கண்கூடு. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பல்லாவரம் சந்தையில் பழைய மின்கருவிகளுக்கும் பாத்திரங்களுக்கும் நடுவே தரையில் விரித்த பழைய புத்தகக் குவியலில் கிடைக்கும் படக்கதை இதழ், பெரும்பாலும் அட்டை இழந்தே வருகிறது. அட்டை போனால் தலைப்பும் விலையும் வெளியீட்டு எண்ணும் சேர்ந்தே போகின்றன. அத்தகைய ஸ்பைடர் இதழைக் கையிலெடுக்கும் பட்டியலாளர் முதலில் கதையின் தரப்பைப் பார்க்க வேண்டும்: ஸ்பைடர் திட்டமிட்டுக் கொள்ளையடிக்கிறானா, மற்றொரு வில்லனுடன் மோதுகிறானா, காவல்துறைக்குத் துணைநிற்கிறானா என்பது மூலக்கதையின் காலத்தைக் குறுக்கித் தரும். அடுத்து, கதைக்குப் புறம்பான பக்கங்களான ஆசிரியர் பக்கம், வாசகர் கடிதம், அடுத்த வெளியீட்டு விளம்பரம் ஆகியவற்றை ஆராய வேண்டும்; அறிவிக்கப்பட்டுள்ள அடுத்த இதழின் பெயர் ஒன்றே தமிழ் வெளியீட்டு மாதத்தை நெருங்கப் போதுமானது. வெற்றுப் பக்கங்களென எண்ணி இவற்றை நீக்கிவிட்டு பைண்டிங் செய்வது, சான்றை அழிப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே ஒவ்வோர் இதழுக்கும் இரட்டைத் தேதிப் பதிவு, அதாவது மூலக்கதை வெளிவந்த ஆண்டையும் தமிழ் இதழ் வெளிவந்த மாதம், ஆண்டு ஆகியவற்றையும் தனித்தனிக் கட்டங்களில் பதியும் முறை, தேவை என இவ்வுரை வலியுறுத்துகிறது. அவற்றுடன் மூல எழுத்தாளர், ஓவியர், தமிழாக்கியவர், பக்க அளவு, மறுபதிப்பா என்ற விவரம் ஆகியனவும் இடம்பெற வேண்டும். 'சிறுவர் இலக்கியம்' என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் அடக்கும் வழக்கம் கைவிடப்பட்டு, பாத்திரத்தின் பெயராலும் தேடத்தக்க பதிவு உருவாக வேண்டும்.

பாதுகாப்பும் இதனோடு இணைந்ததே. மலிவான செய்தித்தாள் காகிதத்தில் எஞ்சியுள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டு அமிலமாகச் சிதைவதால் பக்கங்கள் பழுத்து நொறுங்குகின்றன. சென்னையின் ஈரக்காற்றில் இரும்புப் பின்கள் துருவேறி நடுத்தாளை அரிக்கின்றன. பின்னை மெல்ல அகற்றிப் பருத்தி நூலால் தைப்பதும், அமிலமற்ற காகித உறையில் கிடைமட்டமாக வைப்பதும், ஒட்டுநாடாவை அறவே தவிர்ப்பதும் எளிய நூலகத்துக்கும் இயன்றவையே.

அமெரிக்காவில் 2005இல் வெளிவரத் தொடங்கிய 'ஆல்பியன்' தொடர் மறக்கப்பட்ட பழைய பிரிட்டிஷ் பாத்திரங்களோடு ஸ்பைடரையும் மீட்டெடுத்தது. 2021இல் பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனம் அவன் தொடக்கக் கதைகளைத் தொகுத்து நூலாக்கியது. பிரிட்டனில் மூலப் பிரதிகள் நூல்வடிவில் மீண்டுவிட்ட நிலையில், தமிழ் வாசகர் அவனை எவ்வாறு ஏற்றனர் என்பதற்கான சான்று இங்கே மட்டுமே, அதுவும் நாள்தோறும் தேயும் இதழ்களில் உள்ளது. 2021இல் மாநகராட்சியான தாம்பரத்தின் கிளை நூலகங்களும், 1937 முதல் அங்கு இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்ற கல்வி நிறுவனங்களும், அப்பகுதிச் சேகரிப்பாளர்களும் தத்தம் கைவசமுள்ள ஸ்பைடர் இதழ்களைக் கொண்டு ஒரு கூட்டுப் பட்டியலைத் தொடங்கலாம். அரிய பிரதிகளின் எண்மமாக்கத்துக்குத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அனுபவத்தை நாடலாம். ஒரே ஒரு பாத்திரத்தில் இம்முறை சரிவர அமைந்துவிட்டால், தமிழில் வாழ்ந்த மற்ற எல்லாப் படக்கதை மாந்தர்க்கும் அதையே விரிக்க முடியும். அதற்கான முதற்பதிவை எழுதும் பொறுப்பு இத்துறையினருக்கே உரியது.