பன்னிரண்டு கட்டங்களும் நான்கு வடிவங்களும்

இந்தியப் பள்ளிகளில் ஆங்கில வினையைக் கற்பிப்பதற்கென்றே ஓர் அட்டவணை உண்டு. மூன்று காலங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வகைகள், ஆகப் பன்னிரண்டு கட்டங்கள். ‘ஐ வாக்’ என்று தொடங்கி ‘ஐ வில் ஹாவ் பீன் வாக்கிங்’ என்று அது முடியும். பள்ளியில் மனப்பாடம் செய்த அதே அட்டவணையை மாணவர் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்திலும் மீண்டும் எழுதுகிறார். இத்தனை ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னும், ஆய்வேட்டின் முன்னுரையை எழுத அமரும்போது ‘ஆர்க்யூட்’ என்பதா, ‘ஹாவ் ஆர்க்யூட்’ என்பதா என்று திகைக்கிறார். குறை அவரிடம் இல்லை. எளியதைப் பெரிதாக்கிக் காட்டிக் கடினமானதை மறைத்துவிட்ட அட்டவணையில்தான் இருக்கிறது.

எளியது எதுவென்றால், ஒழுங்கு வினையின் திரிபு. ‘வாக்’ என்னும் வினைக்கு வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட் என நான்கே வடிவங்கள். பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்புபவை இந்த நான்கும் சில துணைவினைகளுமே. தமிழ் வினையோ நடந்தேன், நடந்தாய், நடந்தான், நடந்தாள், நடந்தது என்று திணை, பால், எண், இடம் அனைத்தையும் விகுதியில் சுமக்கிறது. ‘நடந்தான்’ என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி என்று பிரித்துக் காட்டும் மாணவருக்கு ‘வாக்ட்’ ஒரு பொருட்டே அன்று. ஆனால் தமிழ் வகுப்பில் கற்ற பகுபத உறுப்பிலக்கணத்தை ஆங்கில வகுப்பு கண்டுகொள்வதில்லை. இரண்டும் ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த பாடவேளைகளில்தான் நடக்கின்றன!

அந்த இறந்தகால ஈறு மூன்று விதமாக ஒலிக்கும். ‘வாக்’கிற்குப் பின் வல்லொலி, ‘ப்ளே’வுக்குப் பின் மெல்லிய ஒலி, ‘வாண்ட்’டுக்குப் பின் தனி அசை. (முதல் இரண்டுக்கும் தமிழில் டகரம் ஒன்றே என்பதால் வேறுபாட்டை இங்கே எழுதிக் காட்ட வழியில்லை.) 1958இல் ஜீன் பெர்கோ, புனைந்த சொற்களைக் கொண்டு சிறு குழந்தைகளைச் சோதித்தபோது, கேட்டறியாத வினைகள் பலவற்றுக்கும் அவர்கள் இறந்தகால வடிவத்தைத் தாமே ஆக்கிக் காட்டினர். எந்த அட்டவணையும் அவர்களுக்குத் தரப்பட்டிருக்கவில்லை.

‘எதிர்காலம்’ என்று தலைப்பிட்ட நான்கு கட்டங்களும் ஐயத்துக்குரியவை. குவர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணமும், 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணமும் ஆங்கில வினைக்கு எதிர்கால வடிவம் இல்லை என்றே கொள்கின்றன. ‘வில்’ என்பது ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ ஆகியவற்றின் இனம். முக்காலமும் வினையிலேயே வெளிப்படும் என்ற தொல்காப்பிய மரபில் வளர்ந்த தமிழ் மாணவருக்கு இந்த மூன்று பிரிவுகளும் இயல்பாகத் தோன்றுகின்றன. அதனாலேயே அவர் எளிதில் ஏமாறுகிறார். ‘அவர் நாள்தோறும் காலையில் நடப்பார்’ என்பதில் இருப்பது எதிர்கால வடிவம், பொருளோ வழக்கம். ஆங்கிலம் அதை ‘ஹீ வாக்ஸ்’ என்று நிகழ்காலத்தில் சொல்லும். கட்டத்துக்குக் கட்டம் பொருத்திப் பழகியவர் ‘வில் வாக்’ என்று எழுதிவிட்டு, மதிப்பெண் ஏன் போயிற்று என்று அறியாமல் நிற்கிறார். ஹிந்தி வழியில் பயில்வோருக்கும் இதே கதிதான். ‘தா ஹை’ என்று முடிந்தால் இது, ‘ரஹா ஹை’ என்று முடிந்தால் அது, ‘சுகா ஹை’ என்று முடிந்தால் மற்றொன்று என வாக்கியத்தின் வாலைப் பார்த்துக் கட்டத்தை அடையாளம் காணும் முறை அங்கே வேரூன்றியிருக்கிறது.

உண்மையான இடர் ‘ஹாவ்’ வரும் இடத்தில்தான் தொடங்குகிறது. விடியலில் ஈரமான வாசலைப் பார்த்தவர் ‘நேற்றிரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறார். தமிழில் இது பிழையற்ற வாக்கியம். பெய்ததைத் தாம் நேரில் காணவில்லை, தடயம் கண்டு அறிகிறோம் என்ற நுட்பமும் அதில் உண்டு. இதையே ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்றால் தரநிலை ஆங்கிலம் ஏற்காது. முடிந்துபோன காலத்தைச் சுட்டிச் சொல்லிவிட்டால் ‘ஹேஸ்’ விலகிவிட வேண்டும் என்பது அதன் விதி. இந்தியர் ஆங்கிலத்தில் அடிக்கடி காணப்படும் இந்த வழுவை அறியாமை என்று தள்ளுவது எளிது. தாய்மொழி அனுமதிக்கும் ஒரு சேர்க்கையை ஆங்கிலம் அனுமதிக்கவில்லை என்று எடுத்துச் சொல்ல வகுப்பில் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை அட்டவணை விழுங்கிவிடுகிறது.

அறுபது மாணவர் அமர்ந்த வகுப்பில் வேறென்ன செய்ய முடியும் என்று ஆசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. வினாத்தாள் மாறாதவரை அட்டவணையும் மாறாது. தனி வாக்கியம், கோடிட்ட இடம், அடைப்புக்குறிக்குள் ஒரு வினை. ‘எஸ்டர்டே’ இருந்தால் இறந்தகாலம், ‘சின்ஸ்’ இருந்தால் ‘ஹாவ்’ என்று குறிச்சொல்லைத் தேடவே மாணவர் பழகுகிறார். ஆய்வுக் கட்டுரையின் பத்தியில் அத்தகைய குறிச்சொல் பெரும்பாலும் வருவதில்லை. அங்கே காலத்தைத் தேர்ந்தெடுப்பது எழுதுபவரின் நிலைப்பாடு. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளராத முதல் தலைமுறை ஆய்வாளர் இங்கேதான் இடறுகிறார். மதிப்பீட்டாளரோ அதை மொழிக்குறை என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார். ஆய்வின் தரமும் அந்த ஒரு வரியால் எடைபோடப்பட்டுவிடுகிறது.

முதுகலை வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வியை மாற்றிப் பார்க்கலாம். ‘ஸ்காலர்ஸ் ஆர்க்யூட்’, ‘ஸ்காலர்ஸ் ஹாவ் ஆர்க்யூட்’ என்ற இரண்டையும் கொடுத்து, எந்த வாக்கியத்தை எழுதியவர் அந்த விவாதம் இன்னும் உயிரோடிருப்பதாகக் கருதுகிறார், ஏன் என்று கேட்டால் போதும்.