ஒலிக்காத கருவியை நம்பிக் கிணற்றில் இறங்கலாமா?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று சொந்தக் காணிக்குத் திரும்பியதும் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். தண்ணீர் இருந்தால்தான் வீடும் தோட்டமும் ஆடு மாடும். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறியவர்களிற் பலர் 20, 25 ஆண்டுகளின் பின்னரே தம் காணியைக் கண்டனர். அத்தனை காலமும் பற்றை மூடிக் கிடந்த கிணற்றில் இலைகுழையும் செத்த பிராணிகளும் அழுகிக் கிடக்கும். இன்னும் பிறர் காணியில் காத்திருக்கும் எம் மக்களுக்கும் நாளை இதே வேலை உண்டு. ஆகவே கிணற்றில் தங்கும் வாயுக்களைப் பற்றியும், அவற்றை உணர்த்தும் கருவிகளைப் பற்றியும் எமது கருத்தைக் கூற விரும்புகிறோம்.

இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வாயு உணரிகள் பலவற்றில் இருப்பது வெள்ளீய ஒட்சைட்டு என்ற பொருள். யப்பானில் தகுச்சி என்பவர் 1962இல் இதற்குக் காப்புரிமை கோரினார். சமையல் வாயு கசிவதை வீட்டாருக்கு முன்கூட்டியே அறிவிப்பதற்கு இக்கருவி பெரிதும் பயன்பட்டது.

இது வேலை செய்யும் விதம் எளிதானது. ஒட்சைட்டு மணிகளைச் சில நூறு பாகை வரை சூடாக்குவார்கள். காற்றிலுள்ள ஒட்சிசன் அம்மணிகளின் மேல் ஒட்டி, அவற்றின் இலத்திரன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது மின் ஓடுவது கடினம். மெதேன், காபனோரொட்சைட்டு போன்ற வாயு வந்தால் அது அந்த ஒட்சிசனுடன் சேர்ந்துவிடும். இலத்திரன்கள் விடுபட, மின் இலகுவாக ஓடும், மணி ஒலிக்கும். மணிகள் சிறுக்கச் சிறுக்க உணர்வு கூடும். ஏறக்குறைய 6 நனோமீற்றருக்குக் கீழே அது சடுதியாக ஏறுகிறது என்று யப்பானிய ஆய்வாளர் 1991இல் காட்டினர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நனோமீற்றர்.

இது நல்ல கண்டுபிடிப்பு என்பதில் எமக்கு ஐயமில்லை. மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுப் படியில் இறக்கி வைத்து இறைக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும். அதை இந்த உணரி காட்டக்கூடியது.

ஆனால், பாழ்கிணற்றில் உயிர் குடிப்பது பெரும்பாலும் வேறொன்று. அழுகும் பொருட்கள் ஒட்சிசனைத் தின்று காபனீரொட்சைட்டை விடுகின்றன. காற்றிலும் பாரமான அது அடியிலேயே தங்கும். எரிந்து முடிந்த சாம்பல் மீண்டும் எரியாததுபோல, காபனீரொட்சைட்டு ஒட்சிசனுடன் மேலும் சேராது. எனவே, மலிவான உணரி அதை நம்பத்தக்கதாகக் காட்டாது. ஒட்சிசன் குறைவை அளக்கவும் அது செய்யப்படவில்லை. கிணற்றின் ஈரக்காற்றும் அதன் அளவைக் குழப்பும். கருவி ஒலிக்கவில்லை என்பதற்காக ஆபத்தில்லை என்று எண்ணி இறங்குபவர் ஏமாந்து போவார்.

விளக்கை இறக்கிப் பார்க்கும் எமது பழைய முறையிலும் பாதி உண்மையே உண்டு. விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது. அணையாவிட்டாலும் நச்சுவாயு இல்லை என்பதற்கு அது சாட்சியல்ல. மெதேன் இருந்தால் தீப்பற்றவும் கூடும்.

ஆகவே எமது கருத்து இதுதான். வீட்டுக்கொரு மலிவுக் கருவி கொடுப்பதிலும் பார்க்க, கிராமத்துக்கொரு நான்கு வாயு மானி வாங்குவது மேல். ஒட்சிசன், காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு, எரியும் வாயு ஆகிய நான்கையும் அது தனித்தனி உணரிகளால் அளக்கும். சாதாரண காற்றில் ஒட்சிசன் ஏறக்குறைய 21 வீதம், 19.5க்குக் கீழே காட்டினால் இறங்கக் கூடாது. விலை கூடத்தான், உணரிகளையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் இயலாது. ஆனால் கமக்காரர் அமைப்போ கிராம அபிவிருத்திச் சங்கமோ பொதுவில் வாங்கி, பயிற்சி பெற்ற இருவரிடம் ஒப்படைத்தால் முழுக் கிராமத்துக்கும் உதவும். மீள்குடியேற்றத்துக்கு உதவ வருவோரிடம் கூரைத்தகட்டோடு இதையும் கேட்போம்.

அதுவரை சிலவற்றைக் கைவிடாதிருப்போம். இயந்திரத்தைக் கிணற்றுக்குள் வைத்து இயக்காதிருப்போம். காற்றூதி கொண்டு கிணற்றின் அடிவரை நல்ல காற்றைச் செலுத்துவோம். இறங்குபவரின் உடலில் கயிறு கட்டி, தூக்கியெடுக்கப் போதிய ஆட்கள் மேலே நிற்போம். உள்ளே ஒருவர் மயங்கினால், அண்ணன் என்றாலும் மகன் என்றாலும், பின்னால் குதிக்காமல் கயிற்றால் இழுப்போம்.

எத்தனையோ இழந்து திரும்பி வந்த எமக்கு, வீட்டுக் கிணற்றடியில் இன்னுமொரு இழப்பு வேண்டாம்.