பேய் சுருதி கூட்டிக் கொடுத்த கிதாரா?

ராபர்ட் ஜான்சன் பேயிடம் ஆன்மாவை விற்றுத்தான் கிதார் கற்றாராம். போன மாதம் ஒரு நண்பர் சொன்னார். படித்தவர், முற்போக்காளர், ப்ளூஸ் இசைத்தட்டுகளைத் தேடித்தேடிச் சேர்ப்பவர். மிசிசிப்பியில் நடுராத்திரி நாற்சந்தி, கறுத்த உருவம் ஒன்று வந்து கிதாரை வாங்கிச் சுருதி கூட்டித் தந்ததாம். சொல்லும்போதே அவருக்குப் புல்லரித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளைக்காரன் பியானோ வாசித்தால் மேதைமை, பயிற்சி, பாரம்பரியம் என்று புத்தகம் புத்தகமாக எழுதுவான். கறுப்பன் வாசித்தால் மட்டும் பேயா? பேய் இல்லேன்னா 'ரத்தத்திலேயே இருக்கு'. இந்தப் பேச்சு நமக்கென்ன புதுசா தோழர்களே?

ராபர்ட்டின் தாய் ஜூலியா. அவர் கணவர் சார்லஸ் டாட்ஸ் மரச்சாமான் செய்பவர், ஹேசல்ஹர்ஸ்ட் ஊரில் சொந்த நிலம் வைத்திருந்தவர். சொந்த நிலம் வைத்திருந்த கறுப்பர்! விடுவார்களா? வெள்ளை நிலக்காரர்களோடு தகராறு, கொலைவெறிக் கும்பல் திரண்டது; ஊரைவிட்டு ஓடி மெம்பிஸில் பெயரை மாற்றிக்கொண்டு பிழைத்தார். இப்படிச் சிதறிப்போன குடும்பத்தில், ஜூலியாவுக்கும் நோவா ஜான்சனுக்கும் பிறந்தவர்தான் ராபர்ட். ராபின்சன்வில் பக்கம் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்தார். 1930இல் இளம் மனைவி பிரசவத்தில் இறந்துபோனார்.

அந்தக் காலத்தில் சன் ஹவுஸ் என்கிற பெரிய பாடகர் இடைவேளையில் வெளியே போனால், இந்தப் பையன் அவர் கிதாரை எடுத்து 'டொய்ங் டொய்ங்'கென்று அடிப்பானாம். 'நிறுத்தச் சொல்லய்யா' என்று சனம் திட்டும். பிறகு ஆள் காணாமல் போனார். திரும்பி வந்து வாசித்தபோது எல்லோரும் வாய்பிளந்தார்கள். கதைகட்டிகள் பேயைக் கொண்டுவந்து நுழைப்பது இந்த இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியில் அவர் ஹேசல்ஹர்ஸ்ட் பக்கம் ஐக் ஜிம்மர்மன் என்கிற கறுப்புக் கிதார்காரரின் வீட்டில் தங்கிக் கற்றுக்கொண்டிருந்தார். ராத்திரியில் இரண்டுபேரும் இடுகாட்டில் போய் உட்கார்ந்து வாசித்தார்கள். ஏன் இடுகாடு? யாருக்கும் தொந்தரவில்லாத அமைதியான இடம், அவ்வளவுதான். ஜிம்மர்மனின் மகளே சொன்னது இது. லிராய் கார், லானி ஜான்சன், கோக்கோமோ ஆர்னால்ட் இவர்களின் இசைத்தட்டுகளையும் ராபர்ட் கரைத்துக் குடித்திருந்தார். பியானோவில் இடது கை செய்கிற வேலையைக் கிதாரில் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்தார். அதைக் கேட்ட கீத் ரிச்சர்ட்ஸ், கூட வாசிக்கிற இன்னொரு ஆள் யார் என்றாராம். ஒருத்தரேதான். இதை உழைப்பு என்று சொல்ல ஏன் நாக்குக் கூசுகிறது?

இன்னொரு விஷயம். நாற்சந்திப் பேரம் டாமி ஜான்சன் என்கிற வேறொரு பாடகரைப் பற்றி அவர் சகோதரர் சொன்ன கதை. குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தது, தூக்கி இவர் தலையில் கட்டிவிட்டார்கள். 1936இல் ராபர்ட் பதிவுசெய்த நாற்சந்திப் பாட்டில் எந்தப் பேரமும் கிடையாது. அதில் ஒருவன் மண்டியிட்டுக் கடவுளிடம் இரக்கம் கேட்கிறான். வண்டியை மறிக்கிறான், எவனும் நிறுத்தவில்லை, பொழுது சாய்கிறது. அன்றைய மிசிசிப்பியில் இருட்டிய பிறகு முன்பின் தெரியாத சாலையில் தனியாக நிற்கிற கறுப்பரை, 'வேலையற்றுத் திரிபவன்' என்று ஷெரீப் உள்ளே தள்ளலாம், கும்பல் மரத்தில் தொங்கவிடலாம். அங்கே பயம் மனுசனைப் பார்த்து அய்யா, பேயைப் பார்த்தல்ல.

சாத்தானைப் பற்றி அவர் பாடவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாடினார். ப்ளூஸே சாத்தானின் இசை என்று தேவாலயம் ஏசிய காலம் அது, அந்த ஏச்சையே எடுத்துப் பாட்டாக்கினார். கவிஞன் கற்பனை செய்தான் என்று ஒத்துக்கொள்ளக்கூட மனசு வராதா?

1936இலும் 1937இலும் டெக்சாஸில் பதிவான 29 பாடல்கள்தான் மிச்சம். 1938 ஆகஸ்ட் 16இல் கிரீன்வுட் அருகே செத்தார். வயது 27 என்பார்கள். சாவுக்கான காரணம் எழுதவேண்டிய இடத்தில் இறப்புச் சான்றிதழ் 'டாக்டர் இல்லை' என்கிறது. பின்பக்கக் குறிப்பு அதைவிட மோசம்: தன்னிடம் வேலை பார்க்காத நீக்ரோ என்பதால் தோட்டக்கார வெள்ளையர் டாக்டரைக் கூப்பிடவில்லையாம். ஆனால் பால்வினை நோயால்தான் செத்தான் என்று அபிப்பிராயம் சொல்ல மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பேய்க்கதை ரசிகர்கள் இந்தத் தாளை ஏன் படிப்பதில்லை?

1990இல் வந்த முழுத்தொகுப்பு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1994இல் தபால்தலை போட்டார்கள், உதட்டிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கிவிட்டு. சரளை லாரி ஓட்டிப் பிழைத்த அவர் மகனை வாரிசு என்று நீதிமன்றம் ஏற்க 1998 ஆயிற்று. கிளார்க்ஸ்டேலில் சாலைச் சந்திப்பில் நீலக் கிதார்களை நட்டுவைத்திருக்கிறார்கள், சுற்றுலாக்காரர்கள் நின்று படமெடுக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் நண்பர், 'பேயை எடுத்துட்டா சுவாரஸ்யமே போயிடுமே' என்றார். ஐக் ஜிம்மர்மன் பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒரு இசைத்தட்டுகூடப் போடாத மனுசன், எப்படித் தெரியும்?