கடைத்தெருவின் கதையை யார் எழுதுவது?

எங்கள் வீட்டில் ஒரு பழைய படம் இருக்கிறது. கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் ஐந்து பேர் நிற்கிறார்கள். ஒருவர் என் தாத்தா. மற்ற நால்வர் யார் என்று சொல்லத் தாத்தா இன்று இல்லை.

கடைத்தெரு என்றால் ஜார்ஜ்டவுனின் லெபு பசார். நம் பெரியவர்கள் வைத்த பெயர் அது. அந்தக் கடைகளை யார் நடத்தினார்கள், மாடியில் யார் குடியிருந்தார்கள் என்று இணையத்தில் தமிழில் தேடினேன். ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

கட்டடங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயமும் அமைந்த பழைய நகரம், 2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால், 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்துவிட்டது. வாடகை ஏறியது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த பல குடும்பங்கள் வெளியேறின. கடைவீடுகள் நிற்கின்றன. அவற்றின் கதை தெரிந்தவர்கள் வேறு இடங்களில் முதுமை அடைந்துகொண்டிருக்கிறார்கள்.

பினாங்குக்குத் தமிழில் ஓர் இணைய வரலாற்றுக் களஞ்சியம் வேண்டும். முடியாத காரியமல்ல. 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட இலங்கைத் தமிழர்கள், 2005-இல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தன்னார்வலர்களின் உழைப்பால் தொடங்கினார்கள். இன்று அதில் பல்லாயிரம் ஆவணங்கள் உள்ளன.

அரசும் பல்கலைக்கழகங்களும் இதற்கு இடமும் நிதியும் தர வேண்டும். அதுவரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த நமக்கு இந்த வேலை பொருந்தும். வீட்டுப் பெரியவரிடம் அனுமதி கேட்டு, அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய படங்களை நகலெடுத்து, அவற்றில் இருப்பவர்களின் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். நினைவிலிருந்து சொன்னதை நினைவு என்றே குறியுங்கள். ஆவணம் கிடைத்தால் ஒப்பிடுங்கள். மூலப்படம் அந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும்.

இணையத்தளத்தை அடுத்த ஆண்டுகூட அமைத்துக்கொள்ளலாம். பெரியவர்களிடம் கேட்பதை மட்டும் தள்ளிப்போட முடியாது. நான் தள்ளிப்போட்டேன், அந்த நால்வரின் பெயர் எனக்குத் தெரியாமலே போனது.