நிகழ்தகவும் ‘அல்லது’ என்னும் சொல்லும்

தமிழ் பயில்வோன் ஒருவன் கணிதங் கற்பிக்கும் முறையைப் பற்றி எழுதப் புகுதல் நண்பர் சிலர்க்கு நகை விளைக்கலாம். எனினும், உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் நிகழ்தகவின் கூட்டல் தேற்றத்தில் இடர்ப்படுவது கணக்கினால் அன்று, சொல்லினால் என்பதே என் கருத்தாதலின், இதில் தலையிட எனக்கும் சிறிது உரிமை உண்டு.

தேற்றம் எளியது. இரு நிகழ்ச்சிகளுள் இஃது அல்லது அஃது நிகழ்வதன் தகவை அறிய, அவ்விரண்டின் தகவுகளையும் கூட்டி, இரண்டும் ஒருங்கே நிகழ்வதன் தகவைக் கழித்தல் வேண்டும். இதனைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணாக்கனை நோக்கிக் ‘கழிப்பது ஏன்?’ என்று வினவின், பெரும்பாலும் மௌனமே விடையாகும்.

உலக வழக்கில் ‘அல்லது’ என்பது ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளும் சொல். ‘காப்பி அல்லது மோர் தருக’ என்றவனுக்கு இரண்டையும் கொணர்ந்து வைப்பார் இலர். கணித நூலாரோ இரண்டும் சேர்ந்து வருதலையும் அச்சொல்லுள் அடக்கினர். ஓகார இடைச்சொல் ஒன்றற்கே எட்டுப் பொருள் வகுத்த நன்னூலார் நாட்டிலே, இவ்வொரு வேறுபாட்டை விளக்காமல் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதிவிடுதல் முறையோ? ‘இரண்டனுள் ஒன்றேனும் நிகழ்தல்’ என்று முதற்கண் கூறின் மயக்கம் பாதி தீரும்.

எஞ்சிய பாதிக்கு வகுப்பறையே போதும். நாற்பதின்மர் உள்ள வகுப்பில், அண்ணன் உள்ளோர் வலக்கையையும் தங்கை உள்ளோர் இடக்கையையும் உயர்த்துக என்று ஆசிரியர் பணிக்கட்டும். வலக்கை 18, இடக்கை 15 எனக் கொள்வோம், கைகள் 33. இருகையும் உயர்த்தினோர் அறுவராயின் தலைகள் 27. வேண்டுவது தலைக்கணக்கேயன்றிக் கைக்கணக்கன்று. கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தொட்டால், அவர்க்கு அண்ணனேனும் தங்கையேனும் இருத்தற்குரிய தகவு 27/40. கழித்தல் ஏன் என்பதை இனி எவரும் வினவார்.

பின்னர்ப் பகடைக்குச் செல்லலாம். இரு பகடைகளை உருட்டினால் வரக்கூடியவை 36. அவற்றைக் கட்டங்களாக வரைந்தால், முதற் பகடையில் ஆறு விழும் கட்டங்கள் ஒரு வரிசை. இரண்டாவதில் ஆறு விழுபவை ஒரு நிரல். இரண்டும் ஒரு மூலையிற் சந்திக்கின்றன. ஆகவே ஓர் ஆறேனும் விழுதற்குத் தகவு 11/36, 12/36 அன்று. வெறுங்கூட்டலே போதுமெனின், ஒரு பகடையை ஆறு முறை உருட்டுவோர்க்கு ஆறு விழுதல் உறுதியாகிவிடும். தாயம் ஆடிய எந்தச் சிறுவனும் இதனை ஒப்பான்.

1654ஆம் ஆண்டில் பாஸ்கலும் பெர்மாவும் சூதாட்ட வினா ஒன்றைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதால் வளர்ந்த கலையாதலின், இதில் பகடையும் சீட்டும் மலிதல் இயல்பே. ஆயினும் சீட்டுக்கட்டு வாசற்படி ஏறாத வீடுகள் எம்மவருட் பல. அவ்வீட்டுப் பெண்பிள்ளை 52, 13, 4 என்னும் எண்களையும் உருப்போட வேண்டியவளாகிறாள். பாடத்தோடு இச்சுமையும் எதற்கு?

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளை முற்கூறிப் பொதுவிதியைப் பிற்கூறுதலும் எனக்கு உடன்பாடன்று. கூட்டலே விதி, கழித்தல் புறனடை என்று பிள்ளை எண்ணிவிடுகிறது. உண்மையில் பொதுவாயிருப்பது ஒன்றுமில்லாதபோது கழிப்பது சுழி, அவ்வளவே.

இவற்றுக்கெல்லாம் நாள் ஏது, தேர்வு நெருங்குகிறதே என்பர் ஆசிரியர் சிலர். அவர் மூன்று நிகழ்ச்சிகளுக்குரிய வாய்பாட்டை நோக்குவாராக. அதில் உறுப்புக்கள் ஏழு. உருப்போட்டவன் குறிகளை மாற்றி எழுதுவான். தலை எண்ணப் பழகியவனோ, மூன்றிலும் உள்ளவனை மும்முறை கூட்டினோம், மும்முறை கழித்தோம், அவன் கணக்கிலேயே இல்லாமற் போனான் என்று கண்டு, மீண்டும் ஒருமுறை கூட்டிக்கொள்வான்.